வடக்கு மூலைத் திட்டி

— அப்ப இந்தப் பள்ளத்துக்கு என்ன பேர், கத்தரின் அன்ரி?

— நரிப்பள்ளம். எழுதினீரோ, றொஷினி?

— ஓம். பொறுங்கோ, ரெக்கோடர் ஓடுதோ எண்டு ஒருக்காப் பாக்கிறன். போன கிழமை ஒராளோடை ஒரு மணித்தியாலம் கதைச்சும் ஒண்டும் பதியேல்லை.

— மூண்டாந்தரம் பாக்கிறீர். பகல் முழுக்க இந்த வெளிநாட்டிலை ஜான்-டலோன் சந்தையிலை தக்காளி அடுக்கிப்போட்டு, பின்னேர வகுப்பெண்டு ஊர் வரைபடம் கீறுறீர். எங்கடை மாடு மேய்ஞ்ச தரவையை ஆர் பாக்கப்போகினம்?

— இப்ப இருக்கிற படங்களிலை மன்னார்ப் பக்கம் அந்த இடம் வெறும் பச்சை, அன்ரி. ஒரு பேரும் இல்லை. சரி, வடக்கு மூலை. பாலை மரத்துக்குக் கிழக்காலை மேடா ஒரு சின்னத் திட்டி.

— அதுக்குப் பேர் இல்லை.

— வடிவா யோசிச்சுப் பாருங்கோ.

— யோசிக்க என்ன கிடக்கு? இடம்பெயர்ந்து போகேக்கை அதிலைதான் எனக்குப் பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. ஒரு மணித்தியாலம்கூட இருக்கேல்லை. நான் காய்ச்சலிலை நினைவில்லாமல் கிடந்தன். இவர்தான் குழி வெட்டித் தாட்டவர்.

— நிப்பாட்டவோ, அன்ரி?

— வேண்டாம், ஓடட்டும். ஞானஸ்நானம் இல்லாமல், பேர் இல்லாமல் போன பிள்ளை. மரித்த ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயிலிலை பேர் வாசிப்பினம். பதினேழு வரியமா எல்லாற்றை பேரையும் எழுதிக் குடுக்கிறன். அதை மட்டும் என்னெண்டு எழுதுறது?

— ஜெராட் அங்கிள் ஒண்டும் சொல்லேல்லையோ?

— சாகுமட்டும் அந்தக் கதை எடுக்கேல்லை. கேட்டா எழும்பிப் போயிடுவார். பேந்து நானும் விட்டிட்டன்.

— அங்கிளையும் பதிஞ்சனான். தை மாசம், ஆஸ்பத்திரிக்குப் போக முன்னம்.

— தெரியும். என்னை அறைக்கு வெளியிலை நிக்கச் சொன்னனீர்.

— ஒராள் சொன்ன பேரை மற்றாளுக்குச் சொல்லக்கூடாது, அன்ரி. தனித்தனியா ரெண்டு பேர் சொன்னாத்தான் படத்திலை போடலாம். இப்ப நான் செய்யிறது சரியோ எண்டு தெரியேல்லை.

— என்ன பிள்ளை, சொல்லும்.

— அந்தத் திட்டிக்கு அங்கிள் ஒரு பேர் சொன்னவர். ஆர் வைச்சதெண்டு கேட்டன். போத்திலிலை கிடந்த கடைசித் தண்ணியை ஊத்தி, தான்தான் வைச்சதெண்டார். வீட்டிலை சொல்ல வாய் வரேல்லை எண்டும் சொன்னவர். நாங்கள் சைவம், எனக்கு விளங்கேல்லை. தண்ணி எண்டதை விட்டிட்டுப் பேரை மட்டும் எழுதினன்.

— உயிர் போகப்போற பிள்ளைக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம், பிள்ளை. கோயில் சுவாமியார் வரத் தேவையில்லை. ... என்ன பேர் சொன்னவர்?

— எலிசா.