ஒரே குலுக்கலில் முழு வாயுவும்

என் கணவருக்கு ஊசி என்றால் பயமே கிடையாது. நம்பமாட்டீர்கள் ஐயா, சட்டைக் கையை அவரே மடித்துவிட்டுக்கொண்டு நீட்டுவார். "கொசுகூட இவ்வளவு பாசமா கடிக்காதுடி" என்று சிரிப்பார்.

ரத்தத்தில் கலந்திருக்கும் வாயுவைப் பிரித்து அளப்பது என் வேலை. கண்ணாடிக் குடுவையில் ரத்தத்தை மருந்தோடு விட்டு, பாதரசத்தைக் கீழே இறக்கினால் மேலே வெற்றிடம் உண்டாகும். அப்படியே குலுக்கினால் வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும். மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை குலுக்குவார்கள். என் முறையில் ஒரே குலுக்கல்தான், துளி மிச்சம் இருக்காது.

எங்கள் ஆய்வகத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கரிப்புகை வாயு கொஞ்சமா ஏறின ரத்தத்துக்கு இது சரிம்மா. நிறைய ஏறியிருந்தா உங்க முறை பல்லிளிச்சிடும்" என்றார், எல்லோர் முன்னாலும். இத்தனை வருட உழைப்பை வாயால் ஊதித் தள்ளிவிட்டார். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கொஞ்சமாக ஏறிய ரத்தத்தைத் தந்ததே என் கணவர்தான். வீட்டின் பின்னறையில் கரி அடுப்போடு சற்று நேரம் உட்காருவார். தலை வலிக்கிறது என்றதும் கதவைத் திறந்து ரத்தம் எடுத்துக்கொள்வேன். கதவு சரியாகப் பொருந்தாது, அதனால் வெளித் தாழ்ப்பாள் போடுவது வழக்கம். அதில் போய்ச் சூழ்ச்சியைத் தேடாதீர்கள்.

அன்றும் அவராகத்தான் போய் உட்கார்ந்தார். "இதான் கடைசி, சரியா?" என்றார். சரி என்றேன். சொன்ன சொல் தவறவில்லை.

உள்ளேயிருந்து தலை வலிக்கிறது என்றார். நிறைய ஏற வேண்டும் அல்லவா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பேச்சு நின்ற பிறகும் காத்திருந்தேன். ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து ஆக்சிஜன் வைத்தால் அளவு இறங்கிவிடும், தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு தடவை குலுக்கி அளந்தேன். அதே ரத்தத்தை மறுபடியும் குலுக்கினேன். ஒன்றும் வரவில்லை. பல்லிளித்தது யார் என்று தலைவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் கதவைத் தட்டினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பலமாகத் தட்டவில்லை ஐயா. இஷ்டமில்லாதவர் அப்படியா தட்டுவார்?