சுவரில் சுருட்டி விட்ட வயர்

ஸ்டேஷனில் என் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன், மேலே எழுதிக்கொண்டார்கள். வயது ஐம்பத்தாறு. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டெய்லரம்மா என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். துணிக்கடைக்கு மேல்மாடியில் முன்னறையில் தையல், பின்னறையில் குடும்பம் என்று இருக்கிறோம். புகார் கொடுத்திருப்பவர் என் கணவர். அவரைக் கட்டிங் மாஸ்டர் என்பார்கள். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். புகாரில் குற்றம் சொல்லப்பட்டிருக்கும் இன்டர்நெட் லைன்காரத் தம்பி எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். வேலைக்காக வெளியூர் விடுதியில் தங்கியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். போன் சிக்னலில் படம் விட்டு விட்டு வரும். அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள், என் கணவர் போனைத் தட்டிப் பார்ப்பார், ஊதியும் பார்ப்பார். அவர் என்னிடமே எண்ணி நாலு வார்த்தைதான் பேசுவார். மகளிடம் மட்டும் அன்றைக்கு வெட்டிய துணியையெல்லாம் விரித்துக் காட்டிப் பேசித் தீர்ப்பார். அதற்காகத்தான் வீட்டுக்கு ஃபைபர் லைன் போட்டோம்.

சென்ற புதன்கிழமை காலை இந்தத் தம்பி ஏணியோடு வந்து, தெருக் கம்பத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்து, அதிலிருந்து ஒரு கறுப்பு வயரை எங்கள் மொட்டைமாடிச் சுவருக்கு இழுத்துக் கட்டி, அங்கிருந்து சுவரோடு சுவராக இறக்கி, ஜன்னல் ஓரமாகத் துளை போட்டு உள்ளே கொண்டுவந்தார். துளை போடும் தூசி துணியில் விழக் கூடாது என்று வெட்டுமேசையைப் பழைய போர்வையால் அவரே மூடினார். அதன் பிறகு வயரின் தோலை உரித்து, நடுவில் இருந்த தலைமுடி போன்ற கண்ணாடி இழையை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்து, வீட்டுப் பெட்டிக்குப் போகும் இழையோடு ஒட்டினார். மெஷினின் திரையில் இரண்டு முனையும் பெரிதாகத் தெரிந்தன. ஒரு பொறி அடித்தது, ஒன்றாகிவிட்டன. என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்துவிட்டு, "தையலே தெரியலையேப்பா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

அதன் பிறகு தம்பி ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் வயரை வட்டமாகச் சுருட்டிச் சுவரில் மாட்டினார்.

"இதென்ன இவ்வளவு மிச்சம்?" என்றார் என் கணவர்.

"இருக்கட்டும் மாஸ்டர். நாளைக்கு எங்கயாவது அறுந்தா, இழுத்து ஒட்ட நீளம் வேணும்ல."

"துணியில இவ்வளவு விட்டா சட்டை சாக்கு மாதிரி தொங்கும்."

"இது சட்டை இல்லையே மாஸ்டர்."

மூன்று பேரும் சிரித்தோம், டீ குடித்தோம். அன்று சாயங்காலம் மகள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தாள். என் கணவர் எடுத்த எடுப்பில், "தோள்பட்டை இறங்கியிருக்கு, எந்தக் கடையில எடுத்த?" என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அந்தச் சுருள் என் கணவரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வெட்டுமேசைக்கு நேர் எதிரே ஜன்னல். பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையில் பிசிறு தொங்கினாலும் பிய்த்து எடுத்துவிடும் மனிதர் அவர். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார். சும்மா விடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே போய் ஒரு பாவாடையைக் கொடுத்துவிட்டு வந்தபோது, அவர் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. சுருளைக் காணோம். வயர் சுவரில் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

"அதிகமா இருந்ததை எடுத்துட்டேன். ரெண்டு முனையையும் சேர்த்துக் கட்டிட்டேன்" என்றார். ஏதோ எனக்கு உபகாரம் செய்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாயங்காலம் மகள் போனில் வரவில்லை. அவர் வெட்டி எடுத்த துண்டை உரித்துப் பார்த்தார். விறைப்பான இரண்டு நரம்பு, நடுவில் அந்த இழை, அவ்வளவுதான். "உள்ள செம்பே இல்ல. போலி வயரை மாட்டி ஏமாத்திட்டான்" என்றார். அன்றைக்கு ஒட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர்தான் இப்படிச் சொன்னார். மகள் முகம் தெரியாத கோபத்தில் அவருக்குப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

அதன் பிறகு இன்று காலை நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தபோதுதான், அவர் அந்தத் துண்டோடு இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்ததும், வேறொரு வீட்டில் ஏணியில் நின்ற தம்பியைப் போலீஸ் அப்படியே அழைத்து வந்ததும், புகார் பதிவானால் தம்பிக்கு வேலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரிந்தது. தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டது போட்டபடி ஓடி வந்தேன்.

வயரை வெட்டியது யார் என்று கேட்டதற்குத் தம்பி, அணில் கடித்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஐயா, ஜன்னலுக்கு வெளியே உங்கள் காவலர் பார்த்த வயரில் வெள்ளை நூலால் இரட்டை முடிச்சு இருக்கிறது. அணில் முடிச்சுப் போடாது. அந்த முடிச்சைப் போட இந்தத் தெருவில் என் கணவரை விட்டால் ஆள் இல்லை.

ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று வராந்தாவில் தம்பியிடம் கேட்டேன். "வாடிக்கையாளரே வெட்டிட்டார்னு எழுதினா கம்பெனி லைனையே கழட்டிடும்க்கா. அப்புறம் மாஸ்டர் சாயங்காலம் பொண்ணுகிட்ட எப்படிப் பேசுவாரு?" என்றார். நான் பெற்ற பிள்ளையாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

லைன் போனால் போகட்டும். பழையபடி போனை ஊதிக்கொண்டு உட்காருகிறோம். எங்களால் ஒருவருடைய பிழைப்பு போகக் கூடாது. என் கணவர் கெட்டவர் இல்லை. மிச்சம் என்று எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. நான் இதைச் சொல்லும்போது அவர் பக்கத்து பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தம்பியின் தோளில் கை வைத்து, "ஏம்ப்பா, எனக்காக நீ மாட்டிக்குவியா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து தன் புகாரைத் திருப்பிக் கேட்டார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில், வேண்டுமென்றே வெட்டினார் என்று இருந்தது. வேண்டுமென்றே என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றபடி இதில் உள்ளது நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. என் கணவரும் முழுவதையும் கேட்டுவிட்டுச் சாட்சியாகக் கையெழுத்துப் போடப் பேனா வாங்கினார். வாக்குமூலம் ரொம்ப நீளமாக இருக்கிறது, நடுவில் கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று எழுதிய ஐயா அவரிடம் கேட்டார்.

"வேண்டாம் ஐயா, இருக்கட்டும்" என்றார் என் கணவர்.

(கையெழுத்து) டெய்லரம்மா
சாட்சி: (கையெழுத்து) கட்டிங் மாஸ்டர்