லோரன்ஸின் கரண்ட் ஆட்டோ

“...அந்த எண்ணெய்க் கம்பெனிக்காரன் இருக்கானே மிஸ், அவன் தூங்குறப்பகூட மீட்டர் ஓடும். ஒலகத்துல எங்கயோ ரெண்டு பேரு சண்ட புடிச்சா போதும், நம்ம தெஹியோவிட்ட பெட்ரோல் செட்ல வெல ஏறிரும். சண்ட நின்னா எறங்கணும்ல? எறங்காது. கேட்டா கப்பல் வரலம்பான், டொலர் ஏறிருச்சிம்பான். லாபம் மட்டும் எந்தக் கப்பலுக்கும் காத்துக்கிட்டு நிக்கிறதில்ல. ஏறுங்க, ஏறுங்க. குடைய மடக்கிட்டு, ஃபைல இப்பிடிக் குடுங்க. பத்திரமா ஏறுங்க.”

அவிசாவளை பஸ்ஸிலிருந்து பஹ்மா மிஸ் காலைக் கீழே வைத்தபோதே லோரன்ஸின் பேச்சு பாதி தூரம் போயிருந்தது. மிஸ் வந்து சேர்ந்ததுதான் தாமதம், மிச்சத்தையும் சேர்த்து ஓட்டத் தொடங்கிவிட்டார்.

லோரன்ஸ் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு இருபத்தேழு வருசம் றப்பர் பால் வெட்டியவர். வேலை முடிந்து கையில் வந்த காசில் ஒரு ஆட்டோ வாங்கினார். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு பற்றரி மோட்டார் போட்டுக்கொண்டால் பாதிச் செலவு உதவி, சார்ஜ் போட வீட்டுக் கூரைக்கு ஒரு சோலார் பெனலும் சேர்த்துத் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்ததும், முதல் ஆளாய்ப் பேர் கொடுத்தவரும் அவர்தான். ரெண்டு மாதம் ஆட்டோ பறந்தது. அதற்குப் பிறகு பெனல் சோம்பேறியாகிவிட்டது. பற்றரி பாதிகூட நிறையவில்லை. ரெண்டு மனுப் போட்டு, பத்துத் தடவை போன் எடுத்து, கடைசியில் இன்றைக்குத்தான் திட்ட ஆபீசிலிருந்து மிஸ் பார்க்க வந்திருக்கிறார்.

மிஸ் ஒரு வரி எழுதினால் போதும்: பெனலில் கோளாறு. புதுசு வந்துவிடும். குறை லோரன்ஸ் பக்கம் என்று எழுதினால், திட்டத்துச் சட்டப்படி மோட்டாரையும் பற்றரியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய இன்ஜினோ கையில் இல்லை. அதை விற்றாயிற்று. அதனால்தான் லோரன்ஸ் இன்று துவைத்த சட்டை போட்டு, சீட்டுக்குத் துண்டு விரித்திருந்தார்.

“இன்னிக்கி வேணும்னேதான் மிஸ் வீட்டு கரண்ட்ல சார்ஜ் போடல. பெனல் குடுத்தது மட்டுந்தான் பற்றரில இருக்கு. ஏன்னா நீங்க கண்ணால பாக்கணும்ல, நாளைக்கி லோரன்ஸு பொய் சொல்றான்னு ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்லப்படாது. இந்தா பாருங்க சார்ஜ் முள்ளு, எங்க நிக்கிதுன்னு... அத விடுங்க, ஏத்தம் வர்றப்ப பாத்துக்குவோம். என்ன சொல்ல வந்தேன்? ஆ, இருளப்பன்.

“எங்க லயந்தான் மிஸ், கடைசிக் காம்பரா வீடு. ஆட்டோ ஸ்டேண்ட்லயும் எனக்குப் பின்னாலதான் நிப்பான். பெட்ரோல்காரன். அவன் என்னயக் கேக்கிறான், ‘லோரன்ஸு, நான் அடிக்கிற ஒவ்வொரு லீட்டர்லயும் அரசாங்கத்துக்கு வரி போவுது. அந்த வரியிலதான் ஒனக்கு ஒதவி குடுத்தாங்க. அப்ப ஒன் கூரையில கெடக்கிறது யாரோட பெனலு? என்னோட பெனலு’ங்கிறான். நாயத்தப் பாத்தீங்களா? நான் விடுவனா. ‘அடேய், ஒன் வரி எங்கெங்கயோ போவுது, அதுல துளி எனக்கு வந்தா ஒனக்கு வயிறு எரியுதோ? லாபத்த வாரிக் கட்டிக்கிட்டுப் போறவன விட்டுட்டு என் கூரைய எண்ணிக்கிட்டு இருக்க. அந்த லாபத்துக்குப் போடணும்டா வரி’ன்னேன். அதுக்கு அவன், ‘போட்டா அவனா கட்டுவான்? அதையும் லீட்டர்ல ஏத்தி நம்மகிட்டத்தான் புடுங்குவான்’ங்கிறான். அது ஒரு நாயம் மாதிரி இருந்திச்சி. அதுனால நான் பிளேன்டீ குடிக்கப் போயிட்டேன்.”

மிஸ் ஏதோ கேட்க வாயெடுத்தார் போலிருந்தது. லோரன்ஸ் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார்.

“அதத்தான் நானும் சொல்றேன். நம்ம காத்தக் கெடுக்காம ஓடுறோம், சத்தம் போடாம ஓடுறோம். பள்ளிக்கூடத்துப் பக்கத்தால போனா டீச்சர்மாரு கும்புடுறாங்க. நம்மளுக்குத் திட்டக்காரன் குடுக்கிறது ஒரு பழுதான பெனலு. சைனாவோ என்னமோ. வெளிநாட்டுக்காரன் கழிச்சிப் போட்டத இங்க அனுப்பியிருப்பான். நீங்க நல்லா எழுதுங்க மிஸ், எனக்குப் பயமில்ல.

“வீட்டுலயும் நிம்மதி இல்ல. மெரினா, என் வீட்டுக்காரி, ராவுல சார்ஜ் போட்டா கரண்ட் பில்ல எடுத்துக்கிட்டு வந்து என் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வக்கிறா. பேச மாட்டா, வச்சிட்டுப் போயிருவா. பகல்ல ஆளப் புடிக்க முடியாது. மொளகா காயப் போடுறேன், துணி காயப் போடுறேன்னு எந்நேரமும் இருளப்பன் வீட்டு வாசல்லதான். அவ மட்டுமில்ல, லயத்துப் பொம்பளங்க பூரா அங்கதான். இருளப்பன் பொஞ்சாதி ஜெயம்மா கூரையிலகூட எங்க வீட்டுக் கருவாடு கெடக்கும். ஏன், நம்ம வாசல்ல காயாதா? ஊர் வம்பு பேச ஒரு சாக்கு மிஸ், வேற என்ன.”

தோட்டத்து வளைவில் ஏற்றம் தொடங்கியது. ஆட்டோ முனகியது. ரெண்டு தடவை இழுத்தது. மூன்றாவது தடவை, இனி உன் பாடு என்பதுபோல நடு ரோட்டில் நின்றுவிட்டது.

“பாத்தீங்களா.” லோரன்ஸ் முகத்தில் வருத்தத்தைவிட வெற்றிதான் அதிகமாய்த் தெரிந்தது. “நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல. எழுதிக்குங்க மிஸ், மணியையும் போட்டு எழுதிக்குங்க.”

மிஸ் எழுதினார்.

கீழே வளைவில் ஒரு ஆட்டோச் சத்தம் கேட்டது. லோரன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. ஒன்பது வருசம் தன் காலடியில் கேட்ட சத்தம் அது.

“வர்றான். அது என் இன்ஜின் மிஸ். கழட்டினப்ப அவன்தான் வாங்கினான், பாதி வெலைக்கி. இப்ப பாருங்க, ஒண்ணும் பேச மாட்டான். சிரிப்பான். அதான் தாங்க முடியாது.”

வந்தவன் இருளப்பன்தான். ஸ்டேண்டில் ஒருவருக்கொருவர் செய்வதுதான், தன் ஆட்டோவைப் பின்னால் ஒட்டிக் கொண்டுவந்து, ஒரு காலை நீட்டி லோரன்ஸின் பம்பரில் வைத்து மிதித்துக்கொண்டே தள்ளினான். லோரன்ஸின் பழைய இன்ஜின், லோரன்ஸின் கரண்ட் ஆட்டோவை, உறுமிக்கொண்டே மேட்டில் ஏற்றியது.

“இது கணக்குல சேராது மிஸ்,” என்றார் லோரன்ஸ், ஹேண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு. “இத எழுத வேணாம்.”

லயத்து முன்னால் இறங்கியதும் பஹ்மா மிஸ் பழக்கத்தில் குடையை விரித்தார். லோரன்ஸ் பதறிப் போய்க் கையை நீட்டினார்.

“அனே மிஸ், குடைய மடக்குங்க. இது எங்க லயம். இங்க குடைக்கு வேலயே இல்ல. பின்னால நாலாம் நம்பர் மல பூரா றப்பரு, முன்னால பாருங்க அதுவும் றப்பரு. மட்ட மத்தியானத்துக்கும் சில்லுன்னு இருக்கும். கொழும்புலேர்ந்து வந்த என் மச்சினிச்சி ரெண்டு நாள்ல போறேன்னு வந்தவ, ரெண்டு கெழம போகலியே. ஒரு பொட்டு வெயில் கீழ எறங்கணுமே, எறங்கா...”

சொல் பாதியில் நின்றது.

மிஸ் குடையை மடக்கினார். மெதுவாய்த் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். லோரன்ஸும் பார்த்தார். பெனல் அங்கே பச்சை நிழலுக்கு அடியில், பகல் தூக்கம் போடுகிற ஆளைப் போலக் கிடந்தது. அதன்மேல் ஒரு றப்பர் இலை வேறு.

மிஸ் ஃபைலைத் திறந்து, ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். கூரையில் பெனல் பூட்டிய அன்று எழுதியது. ‘நிழல்: இல்லை.’ அதற்குக் கீழே லோரன்ஸின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் தேதி.

லோரன்ஸ் தேதியை ரெண்டு தடவை படித்தார்.

“மாசி,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அப்ப ஒங்க ஆபீஸ்லேர்ந்து வந்த இல்ஹாம் சேர் கேட்டாரு மிஸ். வருசம் பூரா வெயில் படுமான்னு கேட்டாரு. நான்தான், எங்க லயத்துல வெயிலுக்கு என்னங்க பஞ்சம்னேன். அன்னிக்கி தகரம் கொதிச்சிக்கிட்டு கெடந்திச்சி. மரத்துல ஒரு எல இல்ல. ஏன்னா... மாசியில றப்பரு எல கொட்டும்ல.”

அவர் தன் கைகளைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் பால்வெட்டுக் கத்தியின் காய்ப்பு.

“இருபத்தேழு வருசம் வெட்டினேன் மிஸ். எல கொட்டுனா பால் கொறையும், வேல நாள் கொறையும். எல வந்திச்சான்னு மரத்த மரத்தப் பாத்து நின்னவன் நான். எனக்குத் தெரியாததா?” பிறகு, யாரும் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னார். “இல்ஹாம் சேர் கடைசிக் கூரையில போடலாம்னுதான் சொன்னாரு. ரோட்டோரம், கரண்ட் கம்பிக்காக மரத்த வெட்டிட்டாங்க, நல்ல தெறப்புன்னாரு. அது இருளப்பன் கூரை. அவன் கூரையில போடுறதுக்கு ஆத்துல போடலாம்னேன். அவன் காலயில கெளம்புறப்ப என் கூரையப் பாத்துட்டுப் போகணும்னு ஆச.”

மிஸ் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. பேனா நுனியால் லயத்தின் கடைசியைக் காட்டினார். அங்கே ஜெயம்மாவின் கூரை வெள்ளித் தட்டுமாதிரி மின்னியது. ஒரு பக்கம் மெரினாவின் மிளகாய், இன்னொரு பக்கம் லோரன்ஸ் வீட்டுக் கருவாடு. லயத்து வெயில் முழுவதும் அங்கேதான் குடியிருந்தது.

மெரினா அந்த வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வெயில் எங்கே என்று ஆறு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அவளிடம் கேட்கவில்லை.

இருளப்பன் தன் ஆட்டோவை இன்னும் நிறுத்தவில்லை. பழைய இன்ஜின் லோரன்ஸின் முதுகுக்குப் பின்னால் பொறுமையாய்த் துடித்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது.

லோரன்ஸ் இருளப்பன் பக்கம் திரும்பினார்.

“மச்சான்,” என்றார். மாதக்கணக்கில் சொல்லாத சொல். “அன்னிக்கி ஸ்டேண்ட்ல ஒண்ணு சொன்னியே. யோசிச்சிப் பாத்தேன். நீ சொன்னதுலயும் நாயம் இருக்கு. அது ஒன் பெனலுதான். ஒன் கூரையில கெடக்கிறதுதான் மொற.”

இருளப்பன் இன்ஜினை நிறுத்தினான். சிரிக்கத் தொடங்கினான்.

“ஆனா கரண்ட் என்னோடது,” என்றார் லோரன்ஸ். “அதயும் எழுதிக்குங்க மிஸ்.”