நான்காம் கியரில் வ்ரானா கணவாய்

மேட்டில் லாரி திணறினால் எல்லோரும் எஞ்சினைத்தான் திட்டுகிறார்கள். எஞ்சின் பாவம். கொடுத்ததைத் தின்றுவிட்டுச் சொன்ன வேலையைச் செய்கிற பிராணி அது. கோளாறு ஊட்டிவிடுகிற இடத்தில் இருக்கும். டீசலைப் பனிமூட்டம் மாதிரி பீய்ச்ச வேண்டிய இன்ஜெக்டர், வயதாகிவிட்டால், சளி பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி ஒழுக ஆரம்பித்துவிடும். ஒழுகின டீசல் எரியாது. கறுப்புப் புகையாகப் போகும். காசும் அதோடு போகும். உங்கள் காவல் நிலைய வேனுக்கும் அதே வியாதிதான் ஐயா. என்னை ஏற்றிவந்த போலீஸ்காரரிடம் சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்களாவது குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சிலிண்டர்.

என் லாரி இத்தாலியில் பிறந்து, பல்கேரியாவில் உழைத்து, சாவதற்கு என்னிடம் வந்து சேர்ந்தது. போன கோடையில் அது விட்ட புகையில் எங்கள் ஊர்க் கோழிகள் நடுப்பகலில் கூண்டுக்குள் போய் அடைந்துகொண்டன. எங்கள் பாதிரியார் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மாலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்துவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வ்ரானா கணவாயில் ஏறாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மேடு உங்களுக்குத் தெரியும். உச்சியில் கை தவறி விழுந்த பூசணிக்காயை நாங்கள் மறுநாள் பக்கத்து மாவட்டச் சந்தையில் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஜூன் மாதம், ராஸ்பெர்ரி ஏற்றிக்கொண்டு அதில் ஏறும்போது லாரி பாதியில் உட்கார்ந்துவிட்டது. நல்ல வெயில். பழம் கூழாகிச் சாறாகி, லாரியிலிருந்து ஓடைக்கும் ஓடையிலிருந்து ஆற்றுக்கும் போயிற்று. அந்த வாரம் ஆற்று மீனைச் சாப்பிட்டவர்கள் இனிக்கிறது என்றார்கள். பழம் வாங்கும் நிலையம் வைத்திருக்கிற த்ராகோய்லே மட்டும் சிரிக்கவில்லை.

"ராதோய்கோ, நீ ஓட்டுறது லாரி இல்ல, ஜாம் காய்ச்சுற அண்டா" என்றான். "பேத்ரோவ்தன் திருநாள் அன்னிக்குச் சாயங்கால லோடு உனக்குத் தர்றேன். இருட்டுறதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம் குளிர்பதனக் கிடங்குல இறக்கினா இந்த சீசன் முழுக்க உனக்கு. இல்லன்னா என் மருமகன் புது லாரி வச்சிருக்கான்."

சீசன் போனால் எங்களுக்கு அந்த வருடம் இல்லை. மகன் வியன்னாவில் இருக்கிறான், போனில் மட்டும் இருக்கிறான். என் வயதில் ஒருவனை வேறு எதற்கும் யாரும் கூப்பிடமாட்டார்கள். லாரி ஓடும்வரை நான் ராதோய்கோ. நின்றுவிட்டால் முற்றத்தில் நிற்கிற ஒரு துருப்பிடித்த சாமான். லாரியைச் சொல்லவில்லை.

பசுவை விற்று ஆறு இன்ஜெக்டருக்கும் நுனியில் மாட்டுகிற புது நாசில் வாங்கினேன். பழையதைவிடப் பொடித் துளைகள், கூடுதல் துளைகள். டீசல் மூடுபனியாய் விழும், ஒரு துளி மிச்சமில்லாமல் எரியும். இழுவையும் கூடும், மைலேஜும் கூடும். என் மனைவி ஸ்தாமென்கா மறுநாள் காலை பாலில்லாத காப்பியை என் முன்னால் வைத்தாள். நாசில் பெட்டியைப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப இதக் கறந்து குடு பாக்கலாம்" என்றாள்.

நாசில் மாற்றுவது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை இல்லை. அந்த வட்டாரத்தில் அதற்கு ஒரே கை வீத்தோமிரின் கை. அவன் என் கூம். என் கல்யாணத்தில் பக்கத்தில் சாட்சியாக நின்றவன், என் மகனுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவன். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போட முடியாது. அவன் கடையில் கூட்டம், வருகிற வாரம் வா என்றான். ஆனால் பேத்ரோவ்தன் என் வீட்டு ஸ்லாவா, எங்கள் குடும்பத்தைக் காக்கிற புனித பேதுருவுக்கு எடுக்கிற விருந்து. வருடா வருடம் விருந்துக்கு வருவான். கருவிப் பெட்டியையும் கொண்டுவா என்றேன்.

அன்றைக்கு வேலை செய்யக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராஸ்பெர்ரிக்குத்தான் தெரியாது. அது பண்டிகை பார்த்துப் பழுப்பதில்லை.

"கூமே, பேதுரு பாத்துக்கிட்டிருக்காரு" என்றான் வீத்தோமிர், கோட்டைக் கழற்றியபடி.

"அவரு மீன் புடிச்சவரு. டீசல் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"அவருகிட்டதான் சொர்க்கத்துச் சாவி இருக்கு."

"இருக்கட்டும். லாரிச் சாவி என்கிட்ட இருக்கு."

வீட்டுக்குள் மெழுகுவர்த்தி எரிந்தது, ஆட்டுக்கறி வெந்தது, விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து கோதுமைப் பொங்கலை ஒரு கரண்டி எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் கொட்டகையில் இருந்தோம். லாரி முற்றத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வால்நட் மர நிழல் அங்கேதான் விழும். ஆறு இன்ஜெக்டரையும் கழற்றியாயிற்று. வீத்தோமிர் ஒவ்வொன்றாகப் புது நாசில் போட்டு, சோதிக்கிற கைப்பம்பில் மாட்டுவான். நான் நெம்புகோலை அழுத்துவேன். நுனியிலிருந்து ஸ்ஸென்று மூடுபனி கிளம்பும். நாய்க்குட்டி தும்முகிற மாதிரி ஒரு சத்தம். அவன் சாய்ந்து பார்த்துவிட்டு, "இது பாடுது" என்பான். அடுத்தது.

ஐந்தாவதில் ஒரு சொட்டு நின்றது. அதைத் துடைக்க அவன் ஆள்காட்டி விரலை நீட்டினான். நான் அதே நேரத்தில் அழுத்தினேன். வேண்டுமென்று இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, வேண்டுமென்று இல்லை.

அவன் கையை உதறிவிட்டு விரலைப் பார்த்தான். ரத்தம்கூட இல்லை. ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி.

"கூமே, என் கடையில பம்புக்கு முன்னாடி கண்ணாடித் தடுப்பு உண்டு. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் பட்டதில்ல. நீ ஜெர்மனியில ஒர்க்‌ஷாப்புல இருந்தவன். இது ஏதாவது பண்ணுமா?"

"ஒண்ணும் பண்ணாது. ராக்கியா சாராயத்த ஊத்து."

"வெளியவா, உள்ளயா?"

"ரெண்டுலயும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு வீட்டுக்காரன் விருந்தாளியிடம் வேறு என்ன சொல்வான்?

ஜெர்மனியைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் அன்ஸெல்மோ என்று ஒரு போர்த்துக்கீசியன் இருந்தான். காலையில் அவன் உள்ளங்கையில் இதே மாதிரி ஒரு புள்ளி. மத்தியானம் சீட்டாடினான், ஜெயித்தான். சாயங்காலம் மருத்துவமனையில் அவன் கையை முழங்கை வரை பிளந்து கழுவினார்கள். மறுநாள் ஃபோர்மன் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலிக்காது, வலிக்காததுதான் அதன் சூழ்ச்சி, உடனே வெட்டி எடுக்காவிட்டால் உள்ளேயிருந்து சதையைக் கொன்றுகொண்டே போகும். அவர் ஜெர்மன் மொழியில் சொன்னார். எனக்கு ஜெர்மன் நன்றாகப் புரியும்.

ஆனால் ஐயா, நிலைமையையும் பாருங்கள். லாரி வாசலை அடைத்து நிற்கிறது. அதற்குள் ஒரு இன்ஜெக்டர்கூட இல்லை. அதற்குப் பின்னால்தான், முற்றத்துக்குள், முன்னாலேயே வந்துவிட்டவர்களின் கார்களும். அது நகர்ந்தால்தான் எதுவும் நகரும். ஆகவே, மருத்துவமனைக்கு மிகக் குறுகிய வழி ஆறாவது இன்ஜெக்டர் வழியாகத்தான் போனது. இதை நான் அப்போதே யோசித்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிறவன் அல்ல நான்.

ஆறாவதையும் அவன்தான் முடித்தான். அதற்குள் விரல் மரத்துப்போயிருந்தது. ஸ்தாமென்கா கறித்தட்டோடு வந்தாள்.

"ஏய்யா, அது என்ன விரலா, சாசேஜா?" என்றாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து பார்த்தாள். "ராதோய்கோ, இவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

"எதுல? தோள்லயா தூக்கிட்டுப் போறது?"

"பக்கத்து வீட்டு டிராக்டர் இருக்குல்ல?"

"டிராக்டர்ல வ்ரானா ஏறவா? போய்ச் சேர்றதுக்குள்ள இவன் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்."

"அப்ப ஆம்புலன்ஸக் கூப்பிடு."

வீத்தோமிர் இடது கையை ஆட்டினான். "விடு அண்ணி, பண்டிகை நாள்ல எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? ஒண்ணும் பண்ணாதுன்னு கூம்தான் சொல்றானே."

நான் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் பிளம் மரங்களிடம் போனேன். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கொஞ்ச நேரம் நின்றேன். பழம் இன்னும் பச்சையாக இருந்தது. திரும்பி வந்து, "வந்துக்கிட்டிருக்கு" என்றேன். என் போனில் அந்த அழைப்பு இல்லை என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான். ஆம்புலன்ஸ் வந்தால் கூமை ஏற்றிக்கொண்டு போய்விடும். இன்ஜெக்டரை யார் மாட்டுவது?

அவனால் வலது கையை மடக்க முடியவில்லை. அதனால் நான் அவனுக்குக் கையானேன். அவன் எஞ்சின் ஓரத்தில் சாய்ந்து நின்று சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். முகத்தில் வியர்வை ஓடிற்று. உதடு சாம்பல் நிறமாயிற்று. வீட்டுக்குள் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள்.

"வாஷரை நசுக்காத கூமே. செம்பு அது, மெதுவா. பழச போடாத, புதுசப் போடு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். "தோள் வரைக்கும் துடிக்குது. ஆம்புலன்ஸ் எங்க வருதாம்?"

"கணவாய்க்கிட்ட."

"மேல ஏற மாட்டேங்குதோ என்னமோ. அதுக்கும் நாசில் மாத்தணும்" என்றான்.

அவன் அப்படிப்பட்டவன். கடைசியில் குழாய் நட்டுகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றச் சொன்னான். சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. விருந்தாளிகள் கையில் கோப்பையோடு வெளியே வந்து நின்றார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்தாமென்கா அதை அவனுக்காக என்று நினைத்து என் தோளைத் தட்டினாள். நானே ஏற்றிக்கொண்டு போகிறேன், ஆம்புலன்ஸை எதிரில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கார்க்காரர்கள் இரண்டு பேர் நாங்கள் கொண்டுபோகிறோம் என்றார்கள். குடித்திருக்கிறீர்கள் என்று சொல்லி மறுத்தேன். அது சட்டப்படி சரியான பதில். நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

காலி லாரியோடு மலை ஏறுவது டீசலை மலையில் கொட்டுவது. பழம் வாங்கும் நிலையம் வழியில்தான் இருக்கிறது. நிறுத்தினேன். வீத்தோமிர் கையை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தான். பெட்டிகளை ஏற்றும்போது த்ராகோய்லே எட்டிப் பார்த்தான்.

"மாஸ்டருக்கு என்ன?"

"ஸ்லாவா. கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"குடுத்து வச்ச மனுஷன்" என்றான் த்ராகோய்லே.

முழு லோடோடு வ்ரானா கணவாயில் நான்காம் கியரில் ஏறினேன் ஐயா. இந்தக் கிழட்டு லாரியில், நான்காம் கியரில். ஜூனில் நான் உட்கார்ந்து அழுத வளைவில் பீர் கம்பெனி லாரி ஒன்றை முந்தினேன். உச்சிக்குப் பக்கத்தில் வீத்தோமிர் கண்ணைத் திறந்தான். ஜுரத்தில் பல் அடித்துக்கொண்டது.

"ஆறும் சமமா ஓடுது" என்றான். "கேக்குதா கூமே?"

"கேக்குது கூமே."

"மைலேஜப் பாத்துச் சொல்லு."

அப்புறம் அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. அன்றிரவு கையைத் தோளோடு எடுத்தார்கள். அது போதவில்லை. அந்த வாரமே அடக்கம் செய்தோம். கூம் என்ற முறையில் முன்னால் நின்று தூக்கியது நான்தான். பேத்ரோவ்தன் அன்றைக்கு ஸ்பேனர் பிடித்தால் புனிதர் சும்மா விடுவாரா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு புனிதரைப் பொய்யராக்க எனக்கு என்ன உரிமை? கையை எடுத்த டாக்டர் மட்டும், விரலில் புள்ளி எப்போது விழுந்தது என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இளம் வயது. அவர்தான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்பது மலையடிவாரத்துச் சந்திப்பைப் பற்றி. இடது பக்கம் மருத்துவமனை, வலது பக்கம் குளிர்பதனக் கிடங்கு. வலது பக்கம்தான் முதலில் திரும்பினேன். இல்லை என்று சொல்லவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் சில லாரிகள் இருந்தன. இருட்டுவதற்குள் இறக்கிவிட்டேன், ரசீது என் சட்டைப்பையில் இருக்கிறது. வண்டியிலிருந்து அவன் இரண்டு முறை ஹார்னை அடித்ததாக அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடம்பு சாய்ந்து கை பட்டிருக்கும் ஐயா. எனக்கு அவனை நாற்பது வருடமாகத் தெரியும். ஒரு நாளும் அவன் என்னை அவசரப்படுத்தியதில்லை.