ஒரு கூரைக்கு இரண்டு வாசல்

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய அம்மையார் தெரேசா கூத்ரோ அவர்களே, அழைத்த நேரமெல்லாம் ஓடிவரும் இந்தத் தீயணைப்பு நிலையத்தின் தலைவர் அவர்களே, கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டிய கரங்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அந்தக் கரங்கள் முழுதாக வீடு திரும்ப வேண்டுமே என்று ஒவ்வொரு மாலையும் ஜன்னலோரம் காத்துக் கிடந்த தாய்மார்களே, மேற்கே எண்ணெய் வயலில் உழைத்துவிட்டு விடுப்பில் வந்திருக்கும் இளைஞர்களே, தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் இடம் பிடித்து அங்கிருந்து அசைய மாட்டேன் என்று நிற்கும் என் அன்பிற்குரிய ஸ்டான்லி வாடன் அவர்களே, கிளேஸ் பே நகரத்து நல்லவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயரைச் சரியாகச் சொல்ல இந்த ஊருக்கு இருபத்தாறு ஆண்டுகள் போதவில்லை. ஆனால் விசிறிக்காரி என்று ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டீர்கள். வாசல் கதவைத் திறந்து, அந்த இடைவெளியில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சுகிறவள் நான். வீட்டுக் காற்று வெளியே போனால், எந்தெந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது என்பது தெரிந்துவிடும். ஓட்டை தெரிந்தால் அடைக்கலாம். அடைத்தால் சூடு நிற்கும். சூடு நின்றால் எரிபொருள் மிஞ்சும், புகை குறையும், உடம்பு தேறும். இவ்வளவுதான் என் தொழில், இவ்வளவுதான் என் தத்துவம்.

ஆனால் இன்று நான் தத்துவம் பேச வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அவைத்தலைவர் தெரேசா அம்மையாரின் அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன். அவர் வீட்டில்தான் அது நடந்தது.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் வரிசை வரிசையாகக் கட்டிப் போட்ட இரட்டை வீடுகள். ஒரு கூரை, இரண்டு வாசல், நடுவில் ஒரு சுவர். ஒரு பாதிக்கு மஞ்சள் வண்ணம், மறு பாதிக்கு நீல வண்ணம். ஒரு பாதியில் பிறந்தநாள், மறு பாதியில் துக்கம். மஞ்சள் பாதியில் ஹெக்டர் கூத்ரோவும் தெரேசாவும் வாழ்ந்தார்கள். நீலப் பாதியில் ஸ்டான்லி வாடன் தனியாக வாழ்ந்தார்.

இருவரும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில், ஒரே வண்டியில் இறங்கி ஏறியவர்கள். சுரங்கம் மூடப்பட்டபோது இத்தனை ஆண்டு வேலை செய்தவருக்கு ஓய்வூதியம், அதற்குக் குறைந்தவருக்கு இல்லை என்று ஒரு கோடு கிழித்தார்கள். ஹெக்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஸ்டான்லிக்கு எட்டு மாதம் குறைவு. ஹெக்டர் அப்போது தொழிற்சங்கக் குழுவில் இருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசு என்று ஸ்டான்லி கேட்டார். பதில் வரவில்லை, ஓய்வூதியமும் வரவில்லை. அன்று நின்ற பேச்சு பதின்மூன்று ஆண்டுகள் நின்றது. ஒரே படியில் இரண்டு பேர் பனியைத் தள்ளுவார்கள். அவரவர் பாதியை மட்டும் தள்ளுவார்கள். நடுவில் ஒரு கோடு போலப் பனி நிற்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஸ்டான்லியும் சிரிக்கிறார் பாருங்கள். ஆனால் உங்களில் எத்தனை பேர் வீட்டுப் படியில் அந்தக் கோடு இன்னும் நிற்கிறது?

ஹெக்டரின் நுரையீரலில் சுரங்கத்துத் தூசி தங்கிவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம். குளிர்காற்று பட்டால் இருமல், இருமினால் மூச்சு முட்டும். மாடியில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர். ஆகவே ஆறு குளிர்காலமாக முன்னறைச் சுவரோரம் ஒரு கட்டிலைப் போட்டு அங்கேயே கிடந்தார். வீட்டைச் சூடாக வைத்தால் இவர் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரேசா அம்மையார் என்னை அழைத்தார்.

பிப்ரவரி மாதம், முற்பகல். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பை அணைத்தேன். வாசலில் துணியைக் கட்டினேன். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டேன். அம்மையார் குரலைத் தாழ்த்தி, "அந்த ஆளு எங்ககூட பேசமாட்டாரும்மா. நீ உன் வேலையப் பாரு," என்றார்.

நான் என் வேலையைப் பார்த்தேன். அதுதான் தவறு. இரட்டை வீட்டில் விசிறியைச் சுழற்றுவதற்கு முன் மறு பாதியின் கதவைத் தட்ட வேண்டும், அங்கே அடுப்பு எரிகிறதா என்று கேட்க வேண்டும். இது என் தொழிலின் முதல் பாடம். அடுத்த வீட்டுச் சண்டை எனக்கெதற்கு என்று நினைத்தேன். தட்டவில்லை.

விசிறி சுழன்றது. எவ்வளவு சுழன்றாலும் வீட்டுக்குள் காற்று குறையவே இல்லை. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போல இறைத்துக்கொண்டே இருந்தேன். எங்கிருந்து வருகிறது இத்தனை காற்று? ஜன்னல் இடுக்கிலா? அங்கே கொஞ்சம். கதவடியிலா? அங்கேயும் கொஞ்சம். நடுச்சுவரில் மின்சாரப் பிளக் இருக்கும் இடத்தில் கையை வைத்தேன். காற்று பீறிட்டு வந்தது. மாடிக்குப் போய், கூரைக்கு அடியில் இருக்கும் பரணின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பாதிக்கும் சேர்த்துப் பரண் ஒன்றுதான். கீழே பதின்மூன்று ஆண்டுப் பகையைத் தாங்கி நின்ற சுவர், மேலே பரணில் இல்லவே இல்லை. நான் உறிஞ்சிக்கொண்டிருந்தது ஸ்டான்லி வீட்டுக் காற்று.

அந்தக் கணத்தில் கீழேயிருந்து தெரேசா அம்மையாரின் குரல் கேட்டது. "சுவத்துலேருந்து கரி வாடை வருதும்மா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டான்லியின் சமையலறையில் கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் விசிறி இழுத்த இழுப்பில் அவர் வீட்டுப் புகைபோக்கி தலைகீழாக வேலை செய்தது. மேலே போக வேண்டிய விஷக்காற்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்து விசிறியை நிறுத்தினேன். துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

நீலக் கதவு திறந்தது. ஸ்டான்லி வந்தார். இரண்டு எட்டு வைத்தார், கால் மடங்கியது, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல முயன்றார், வாய் குழறியது. அம்மையார் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினார். நான் ஸ்டான்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றேன்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு மூச்சிரைப்புக் கேட்டது. ஹெக்டர். வெளியே போகும்போது எடுத்துச் செல்லும் சிறிய ஆக்சிஜன் உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் வெறும் காலுறையோடு, பனியில் நடந்து வந்தார். சுரங்கத்தில் விபத்து நேரும்போது மற்றவர்கள் வெளியே ஓட, உள்ளே இறங்கும் மீட்புப் படையில் பதினாறு ஆண்டுகள் இருந்தவர் அவர். அந்தச் சிவந்த முகம் விஷக்காற்றின் அடையாளம் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டான்லியின் பக்கத்தில், படியில் நின்ற அந்தப் பனிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தார். தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினார். ஸ்டான்லியின் மூக்கில் பொருத்தினார்.

பெரியோர்களே, தாய்மார்களே, தானே மூச்சுக்குத் தவிக்கிற மனிதன், தன் மூச்சைக் கழற்றிக் கொடுத்ததை நான் இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தேன். யாருடைய காற்று அது? மஞ்சள் பாதியின் காற்றா? நீலப் பாதியின் காற்றா?

சில நிமிடங்கள் போயின. ஸ்டான்லிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை இது: "இதுக்கு எவ்வளவு வருஷ சர்வீஸ் வேணும் ஹெக்டர்? இதுலயும் எனக்கு எட்டு மாசம் குறையுதா?"

ஹெக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நான் பேசினேன் ஸ்டான். மூணு தடவ எந்திரிச்சு பேசினேன். ஒருத்தனும் கேக்கல. கேக்கலைன்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் வரல."

ஸ்டான்லி குழாயைக் கழற்றி, ஹெக்டரின் மூக்கில் வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த ஒரு குழாய் அங்கும் இங்கும் போய்வந்தது.

மறுநாள் காலை ஸ்டான்லி நலமாக வீடு திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து கொல்லப் பாத்தே. இன்னிக்கு என்ன, அளவெடுக்க வந்தியா?" என்றார். அளவெடுக்கத்தான் வந்தேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விட்டார்.

உள்ளே நான் கண்டதைச் சொல்ல அவர் சம்மதம் தந்திருக்கிறார். மாடி முழுக்கப் பூட்டிக் கிடந்தது. படிக்கட்டு வாசலில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனிக்கட்டி. சோபாவைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதில்தான் படுக்கை. எந்தச் சுவர்? நடுச்சுவர். அந்தப் பக்கம் ஹெக்டரின் கட்டில். என் அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். குளிருக்குப் பயந்து சுருண்டு கிடந்த இரண்டு தலைகளுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். ஆறு குளிர்காலமாக ஒருவர் இருமுவதை ஒருவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள்.

ஏப்ரலில் வேலை தொடங்கியது. இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தான். ஒரு பாதியை மட்டும் அடைத்தால் காற்று மறு பாதி வழியாக வந்துவிடும் என்று என் விசிறியே சாட்சி சொல்லிவிட்டதே. நடுச்சுவரின் ஓட்டைகளை அடைத்தோம். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பஞ்சைப் பரண் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பரப்பினோம். கரி அடுப்பையும் எண்ணெய் அடுப்பையும் எடுத்துவிட்டு, குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தே சூட்டைப் பிடித்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப்பை இரண்டு பக்கமும் வைத்தோம். ஸ்டான்லி பரணில் ஏறினார். ஹெக்டர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தார். அங்கே விட்டுப்போச்சு என்பார் இவர், உனக்கு என்ன தெரியும் என்பார் அவர். பதின்மூன்று ஆண்டுச் சண்டையை மூன்று நாளில் போட்டுத் தீர்த்தார்கள்.

என்ன சொல்கிறீர்கள் ஐயா? கரி போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கரியையே குறை சொல்லலாமா என்கிறார் முன்வரிசைப் பெரியவர். நியாயமான கேள்வி. நான் கரியைப் பழிக்க வரவில்லை ஐயா. நீங்கள் வெட்டிய கரியால் பாதி உலகம் குளிர் காய்ந்தது. கேட்கிறேன், உலகத்தைச் சூடாக்கியவர்கள் தங்கள் வீட்டில் மட்டும் சுருண்டு படுக்கலாமா? ஊருக்கெல்லாம் வெளிச்சம் தந்தவர்களின் ஜன்னலுக்கு உட்புறத்தில் பனிக்கட்டி உறையலாமா? உங்கள் நுரையீரல் தின்ற புகை போதாதா? இனி உங்கள் பேரப்பிள்ளைகளும் அதைத் தின்ன வேண்டுமா? நீங்கள் பட்ட பாட்டுக்குப் புகையில்லாத ஒரு வீடு உரிமையில்லையா?

நவம்பர் வந்தது. வடகிழக்குக் காற்று வழக்கம்போல் ஊளையிட்டது. ஒரு நாள் தெரேசா அம்மையார் எனக்குப் போன் செய்தார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நேத்து அவரு மாடிக்கு ஏறிட்டாரும்மா. ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு ஏறினாரு. ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் பக்கத்துல படுத்துத் தூங்கினாரு."

புகையில்லாத இந்தப் பசுமை வீட்டைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எண்களைச் சொல்வார்கள். எண்ணெய் இவ்வளவு மிச்சம், புகை இவ்வளவு குறைவு. எல்லாம் உண்மை, நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதன் தன் மாடியேறித் தன் மனைவியின் பக்கத்தில் தூங்கியதை எந்த எண்ணால் எழுதுவது?

ஹெக்டர் கூத்ரோ அதன் பிறகு மூன்று குளிர்காலம் இருந்தார். நான்காவது ஆண்டு மே மாதத்தில், அந்த மாடியறையில், தன் சொந்தப் படுக்கையில் கண்மூடினார். ஒரு பக்கம் தெரேசா, மறுபக்கம் ஸ்டான்லி. அவருடைய நல்ல நினைவுக்கு நாம் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

நன்றி. அமருங்கள்.

இந்த வசந்தத்தில் நம் தெருக்கள் முழுவதையும் இப்படி மாற்றப் போகிறோம். கதவருகே மேசையில் விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஒரு கூரைக்கு ஒரே ஒரு தாள். அதில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. இரண்டும் இருந்தால்தான் நாங்கள் வருவோம். ஒரு பாதியின் கையெழுத்தோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னாலும் அனுப்புவேன்.

கதவைத் தட்டாமல் போன என் தவற்றை நீங்களும் செய்யாதீர்கள். வேலிக்காகப் பேசாதிருக்கிறீர்களா? வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பேசாதிருக்கிறீர்களா? ஏன் பேசாமலிருக்கிறோம் என்பதே மறந்துபோய்ப் பேசாமலிருக்கிறீர்களா? நீங்கள் பேசாவிட்டாலும் உங்கள் காற்று பேசிக்கொண்டுதான் இருக்கிறது. சுவர் இடுக்கில் பேசுகிறது, பரணில் பேசுகிறது. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் வாழ்ந்திருக்கிறீர்கள்.

உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அநேகமாக இதே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சற்றே திரும்பிப் பார்த்தால் தெரிவார். ஆகவே நான் மேடையிலிருந்து இறங்கியதும் யாரும் என்னிடம் வர வேண்டாம். முதலில் அவரிடம் போங்கள். பேனா மேசையிலேயே இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், தன் வீட்டுக் கதையை ஊர்க்கதையாக்க இசைந்த தலைவர் அம்மையாருக்கும், அன்று கதவைத் திறந்து என்னை உள்ளே விட்ட ஸ்டான்லி வாடன் அவர்களுக்கும் என் நன்றி. வருகிற குளிர்காலம் உங்கள் வாசலோடு நிற்கட்டும். வணக்கம்.