சுதுவுக்கு ஒரு பார்சல்

– அங்கயே நில்லுங்க நானா, குசினிப் படியில ஏறாதீங்க. மாட்டிறைச்சிக்கட முக்தார் நானா பங்களாவுக்குள்ள வந்தாருன்னு தெரிஞ்சா நோனா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க.

– நோனாட கார் கீழ போனத்துக்குப் பொறகுதான் நான் த்ரீவீல மேல ஏத்தின. பயப்படாதீங்க கோகிலா தங்கச்சி.

– டாக்டர கூட்டியாரப் போயிருக்காங்க, எஹலியகொடைக்கு. எந்நேரமும் வந்துருவாங்க. எறச்சி பழுதுன்னு நோனா சொன்னதுக்கு சண்ட போட வந்தீங்கன்னா அவங்க இருக்கும்போது வாங்க. என்கிட்ட போடாதீங்க.

– சண்டைக்கு வாரவன் கைல பார்சலோட வாரயா?

– என்னா பார்சல்?

– எறச்சி. காலைல வெட்டின மாடு. ஈரலும் கொஞ்சம் ஈக்கி. சுதுவுக்கு.

– கொண்டு போங்க நானா. இனிமே அதுக்கு எதுவும் வேணாம். இன்னைக்கு ஊசி போடப் போறாங்க.

– சொகமாகிய ஊசி தானே?

– இல்ல. கொல்ற ஊசி.

– யா அல்லாஹ். இந்த நாய்க்கா? போன வருசம் கடைக்கு முன்னுக்கு கார்ல தலைய வெளிய போட்டுட்டு போனதே, அந்த வெள்ள நாய்க்கா?

– அங்க ஜம்பு மரத்தடியில பாருங்க. கழுத்துல வாளி மாதிரி ஒன்னு மாட்டியிருக்கோம், கடிச்சுக் கடிச்சு புண்ணாக்குதேன்னு. வாலடியில ஒரு முடி இல்ல. ராவும் பகலும் சொறிச்சல். நோனா அது பக்கத்துல ஒக்காந்து ‘அனே பவ், அனே பவ்’னு பாவப்பட்டு அழுவுறாங்க. மாட்டிறைச்சியும் அதுக்கு சேரலையாம், இதுக்கு மேல என்னத்த குடுக்கிற, கஷ்டப்படுத்தாம அனுப்பிருவோம்னு தொரயும் சொல்லிட்டாரு.

– நான் ஒண்டு கேக்கட்டா தங்கச்சி?

– கேக்காதீங்க நானா.

– மொதல்ல இந்த நாய்க்கு சேராதது எனத்த?

– கோழி. பிஸ்கட்டுல இருந்த கோழி கூட சேரலைன்னு டாக்டர் சொன்னாரு. பொறகு நோனா போன்ல எங்கயோ பாத்துட்டு, பச்ச மாட்டிறைச்சி குடுத்தா சொகமாகும்னு ஆரம்பிச்சாங்க. சொகமாச்சு தானே! நீங்களே பாத்தீங்க. முடி என்னமா வளந்துச்சு.

– அப்ப எங்கட எறச்சி திண்டுதான் சொகமாகின. சரி. பொறகு எங்கட எறச்சி திண்டுதான் நோயாகினதா? நோனா போன்ல என்ன ஏசின ஏச்சு! பழைய எறச்சிய வித்தாயாம், ஊர் முழுக்க செல்லப்போறாவாம். நான் வாய தொறக்கல்ல. கேட்டுட்டு ஈந்த.

– ஏன் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? சொல்லியிருக்கலாமே.

– எனத்த செல்லிய?

– கோகிலா எங்க கடைக்கு வந்தே எவ்வளவோ நாளாச்சு, விக்காத எறச்சி எப்படி பழுதாகும்னு.

– நீங்களே செல்லிட்டீங்க. அழாதீங்க தங்கச்சி. கோழிக்கட ரிப்கான் செல்லின. பங்களா வேலைக்காரம்மா டெய்லி வந்து கோழி வாங்கிய, தோல் உரிச்சு எலும்பில்லாம கேக்கியண்டு. எனக்கு அப்பயே வெளங்கின.

– சாமி சத்தியமா அதக் கொல்லணும்னு செய்யல நானா.

– அது எனக்குத் தெரியும்.

– கோழின்னா பிஸ்கட்டுல போடுற மருந்து கிருந்துதான் ஆகாதுன்னு நெனச்சேன். பச்சக் கோழிய மஞ்ச போட்டு நல்லா அலசிட்டா எந்தக் கெடுதலும் போயிரும்னு நெனச்சேன். நம்ம வீட்டுல அப்படித்தானே செய்யிறோம்? கொத்தி, பீட்ரூட் அரைச்ச தண்ணி ஊத்தி மாடு மாதிரி செவக்க பெசஞ்சு வைப்பேன். நோனா வாசல்ல நின்னு பாத்துட்டு, நல்லா இருக்குன்னு ‘ஹொந்தய் கோகிலா’ சொல்லிட்டு போயிருவாங்க. அது சொறிய ஆரம்பிச்சப்ப வெயிலுக்குன்னு சொன்னேன். பொறகு தெள்ளுப் பூச்சின்னு சொன்னேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு நிப்பாட்டிருவோம்னுதான் நெனச்சேன்.

– ஏன் நிப்பாட்டல்ல?

– எப்படி திரும்ப ஒங்க கடைக்கு வாறது? நீங்கதானே அன்னைக்கு அப்படி கத்துனீங்க. மறந்துட்டீங்களா?

– மறக்கல்ல. அதுக்குத்தான் வந்த. வார வழியெல்லாம் எப்படி செல்லியண்டு யோசிச்சிட்டுத்தான் வந்த, வாய் வரல்ல.

– ஒரு வருஷமா பின்பக்கமா வந்து, இறப்பர் மரத்துக்கு அங்கிட்டு நின்னு, பொலித்தீன் சிலி பேக்குல வாங்கி, மேல கீரைய போட்டு மறச்சு கொண்டு வந்தேன். ஒருத்தருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கே நாய் பிஸ்கட் வாங்கப் போறேன்னுதான் சொல்லியிருந்தேன். நீங்க முன்னால நின்னுகிட்டு, ‘என்ன தங்கச்சி, கரகம் தூக்குற வீட்டுக்கும் மாட்டிறைச்சியா’ன்னு தெரணியகலை பஜார் பூரா கேக்குற மாதிரி சிரிச்சீங்க.

– பகிடிக்கு செல்லின. என்ட வாய் அப்படித்தான். வீட்டுல என்ட மக நுஸ்காட உம்மாவும் அதத்தான் ஏசிய.

– பக்கத்து மரக்கறிக் கடையில கீழ் லயத்து விஜயகலா வெண்டிக்கா பொறுக்கிக்கிட்டு நின்னா. நீங்க பாக்கல. மறுநாள் காலைல பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லாப் பொம்பளைங்களுக்கும் முன்னால கேக்குறா: ‘கோகிலா, ஒங்க வீட்டுக் கரகத்துல இந்த வருஷம் பூ வாசம் வருமா, வேற வாசம் வருமா?’ன்னு.

– ஐயோ.

– பங்களாவுக்குன்னு சொன்னேன். பங்களாவுல கோழிதானே சமைக்கிறாங்க, நீ என்னமோ மாடு தூக்கிட்டுத் திரியிறியாமேன்னா. இல்ல, கோழிதான், வேணும்னா வந்து பாருன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்குப் பொறகு கோழிதானே வாங்கணும்? எல்லாரும் பாக்க ரிப்கான் கடையிலதானே வாங்கணும்?

– நோனாக்கிட்ட செல்லியிருக்க ஏலாதா? கோயில் திருவிழா முடியுமட்டும் வேற ஆள அனுப்புங்கண்டு?

– வேலைக்குச் சேரும்போதே கேட்டாங்க, மாட்டிறைச்சி தொடுவியான்னு. தொடுவேன்னு சொல்லித்தான் வேலை குடுத்தாங்க. மாட்டேன்னு சொன்ன பொம்பளைய அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. ஆட்டிறைச்சி வாங்கலாம்னா அவங்க குடுக்கிற காசுக்கு எலும்புதான் கெடைக்கும்.

– உங்கட வீட்டுக்காரர்க்கிட்டயாவது?

– அட போங்க நானா. அவருகிட்டயா! அந்த மனுசன் சின்னப் புள்ளையில இருந்து அந்தக் கரகத்தப் பாத்து ஏங்குன ஆளு. அவங்க அப்பாவும் கேட்டு கேட்டு கெடைக்காமயே செத்துப் போனாரு. இறப்பர் பால் வெட்டுறவன் தலையில வைக்கக் கூடாதுன்னு யாரும் வாயால சொல்லல, ஆனா ஒவ்வொரு வருஷமும் கணக்குப்புள்ள வீட்டுக்குத்தான் போச்சு. இந்த வருஷந்தான் பூசாரி இவர கூப்பிட்டு கையில மஞ்சக் காப்பு கட்டுனாரு. அன்னைக்கு லயத்துக்கு வந்து அந்தக் கைய எங்கயும் படாம தூக்கிக்கிட்டே இருந்தாரு. சிரிப்பா வந்துச்சு எனக்கு. சோத்துக் கைய கழுவவே பயப்படுறாரு.

– தம்பி நல்ல மனுசன்.

– காப்பு கட்டுனதுல இருந்து கோயில்லதான் படுக்குறாரு. கவிச்சி வாட கூட படக்கூடாது. காப்ப எடையில அவுத்தா அவ்வளவுதான், கரகம் வேற ஆளுக்குப் போயிரும், அப்புறம் இவரு பொறப்புல கெடைக்காது. பொண்டாட்டி மாட்டிறைச்சிய பெசஞ்ச கையோட அவருக்கு விபூதித் தட்டு எடுத்துக் குடுத்தான்னு ஊரே சொன்னா அந்த மனுசன் என்னா செய்வாரு?

– வெளங்குது.

– ஒங்களுக்கு வெளங்காது நானா. ஒங்களுக்கு அது சாப்பாடு.

– நீங்க செல்றது மிச்சம் சரி. எனக்கு அது யாவாரம், சாப்பாடு. அதாலதான் பகிடி பண்ண லேசா ஈந்த. அடுத்த மனுசர்ட வெக்கம் எனக்கு பகிடியாகின. உங்கட கோயில் நாளைல நான் அப்படி செல்லியிருக்கக் கூடா. என்ட மகள யாராவது அப்படி பஜார்ல வச்சு கேட்டா நான் கத்திய எடுத்திருப்பன். மன்னிச்சுக்கோங்க தங்கச்சி. இப்ப அந்த டாக்டர் வாரத்துக்கு முந்தி எனத்தயாவது செய்யணும். நான் வேணுமெண்டா செல்றன். என்ட கடைல கோழியும் மாடும் ஒரே கட்டைல வெட்டின, ரெண்டும் கலந்துட்டு எண்டு.

– ஒங்க கடையில கோழியே இல்லையே.

– நோனாக்கு அது தெரியா தானே.

– வேணாம். ஏற்கனவே ஒங்க பேர கெடுத்தாச்சு. எனக்குத் தெரியும், பள்ளிக்குப் பக்கத்து ஹோட்டல்காரரும் ஒங்ககிட்ட வாங்குறத நிப்பாட்டிட்டாரு. பங்களாவுல இருந்து கெளம்புன கததான் அது. நான் இந்தக் குசினிக்குள்ள நின்னுகிட்டு, நோனா ஒங்கள ஏசும்போது தேத்தண்ணி ஊத்திக்கிட்டு நின்னேன். ஒரு சொல்லு பேசல. சீனி போதுமான்னு கேட்டேன்.

– விடுங்க.

– வெக்கமா இருக்கு நானா. செத்துரலாம் போல வெக்கமா இருக்கு. வெக்கத்துல செத்தா நான்தான் சாகணும். அது ஏன் சாகணும்?

– அது பாருங்க, வாசம் புடிச்சிட்டு. சங்கிலிய இழுக்கிய.

– சுது! சும்மா இரு. இரு, இரு... அந்தப் பார்சல இப்படிக் குடுங்க நானா.

– நில்லுங்க, கரண்டி ஒண்டு எடுத்துட்டு வாங்க. நீங்க கைல தொடுறதில்லயே.

– இத்தன நாளும் அகப்பையிலதான் போட்டேன். கை படாம. இன்னைக்கு பரவாயில்ல. குடுங்க.

– மெல்ல, மெல்ல. தொண்டைல சிக்கிடும்.

– பாருங்க நானா, இத்தன புண்ணோட எப்படி வால ஆட்டுது பாருங்க. நான்தான் இத இப்படி ஆக்குனேன்னு அதுக்குத் தெரியல. கைய நக்குது.

– போதும், மிச்சத்த பொறகு குடுங்க. அங்க வளைவுல கார் சத்தம் கேக்குதா?

– அது தேயிலைக் கொழுந்து லொறி. நானா, டாக்டர் வந்தா சொல்லிருவேன். நோனாவுக்கு முன்னாலயே சொல்லிருவேன். இது தின்னது மாடு இல்ல, கோழி, குடுத்தது நான்னு. வேலை போனா போகட்டும்.

– நல்லது. சுது பொழைக்கும்.

– ஒன்னு மட்டும் கேக்குறேன். நோனா தொரகிட்ட சொல்லுவாங்க, தொர கங்காணிகிட்ட சொல்லுவாரு, பொறகு லயத்துக்கு வந்துரும். எனக்குத் தெரியும். கரகம் எறங்குற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு காதுக்கு மட்டும் போகாம இருந்தா போதும். ஒங்க வாயில இருந்து வந்துறாதுன்னு சொல்லுங்க. ஒங்க அல்லா மேல சொல்லுங்க.

– அப்படி செல்ல ஏலா தங்கச்சி.

– ஏன்? அந்த ஒன்னுதானே கேக்குறேன்.

– இந்தப் பார்சல யார் வாங்கினண்டு நீங்க கேக்கல்லயே.

– நீங்க சும்மா கொண்டு வந்தீங்கன்னு நெனச்சேன். தொர சொல்லி அனுப்புனாரா?

– தொர இல்ல. காலைல கடை தொறக்கக்குள்ள ஸ்ரீதரன் தம்பி வந்து நிண்ட.

– எங்க வீட்டுக்காரரா? பகிடி பண்ணாதீங்க நானா, இப்பதானே பகிடியப் பத்திப் பேசுனோம். அவரு கோயில்ல இருக்காரு. இந்த நாள்ல ஒங்க கடை இருக்குற பக்கமே திரும்ப மாட்டாரு.

– ரிப்கான் அவர்க்கிட்டயும் கேட்டீக்கி, பங்களாவுக்கு ஏன் டெய்லி கோழி போகுதுண்டு. போன கெழம சுது சங்கிலிய அத்துட்டு உங்களுக்குப் பின்னால லயத்துக்கு வந்ததாமே. அவர்தான் தூக்கிட்டு வந்து பங்களாவுல விட்டாராம். அந்தத் தோல அவர் கண்ட. ரெண்டையும் சேத்துப் பாத்துட்டாரு.

– என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே.

– கேட்டா நீங்க வெக்கப்படுவீங்களாம். பின்பக்கம் வாங்க தம்பி எண்டு நான் கையால காட்டின. வரல்ல. முன்னுக்கே நிண்டு, மரக்கறிக் கடைல ஈந்த அத்தன பேருக்கும் கேக்க, ‘எங்க வீட்டு ஆளு வழமையா வாங்குற மாட்டிறைச்சி குடுங்க நானா’ எண்டு கேட்ட. விஜயகலாவும் ஈந்த.

– சாமி... காப்புக் கட்டுன கையோடயா?

– நானும் பதறிப்போய் அதத்தான் பாத்த. வலது கைய நீட்டித்தான் பார்சல வாங்கி, சுதுவுக்கு குடுங்க எண்டு திருப்பித் தந்த. கைல காப்பு இல்ல தங்கச்சி.