விநாடிக்குத் தொண்ணூறு

இரண்டு கண்மணிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று அளக்கப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றே போதும், சார். புருவத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு அறுபதிலிருந்து அறுபத்தைந்து மில்லிமீட்டர் வரும். மோனிகாவுக்கு அறுபது.

புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ‘மோனிகா’ என்ற பெயரில் தனியாக ஒரு செட்டிங் ஃபைல் இருந்ததைப் பார்த்து, அது ஏன் என்று கேட்டீர்கள். எனக்கு நேரில் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும்.

விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று வந்த நீங்கள், செஞ்சியில் உரக்கடைக்கு மேல்மாடியில் இந்த விமான சிமுலேட்டரை வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, ராஜகிரி மலையில் ஏற முடியாதவர்கள் இங்கே வந்து, கண்ணுக்கு முன்னாலேயே படம் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டையை மேலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து நான்கு வருடம் வீட்டில் இருந்தவள். கண்ணாடியை மாட்டிவிடுவதும், படமும் வேகமும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் என் வேலை.

அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கண்ணாடி விநாடிக்குத் தொண்ணூறு படம் கேட்கும். படத்தின் கூர்மையைக் கூட்டினால் கம்ப்யூட்டரால் அத்தனை படம் போட முடியாது. அப்போது தலையைத் திருப்பினால் உலகம் ஒரு கணம் பிந்தித் திரும்பும். கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் நீர் வேறொன்று சொல்லும். உடம்பு குழம்பும். கடலுக்கு மேல் பறந்தால் இந்தத் தொல்லை அதிகம் இல்லை. நம் ஊருக்கு மேல் தாழப் பறப்பதுதான் கஷ்டம். மலை முழுக்கப் பாறை. ஒவ்வொரு பாறையையும் கம்ப்யூட்டர் தனித்தனியாக வரைய வேண்டும். நான் பாறைகளைப் பாதியாகக் குறைத்து, தூரத்து மரங்களை மங்கலாக்கி, தொண்ணூறைப் பிடித்து வைத்தேன். ஒரு வருடத்தில் ஒருவருக்குக்கூடக் குமட்டவில்லை. நீங்கள் அதைப் பாராட்டினீர்கள்.

மோனிகா சித்திரையில் வந்தாள். தளவானூர். ரேஷன் கடையில் எடை போடும் ஜெயராமனின் மகள். வயது பத்தொன்பது. விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் உதவித்தொகையோடு சேர எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ஆவணியில் நேர்காணல். நீங்கள் அவளுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லி, தினமும் நான்கு மணிக்கு வந்து பழகச் சொன்னீர்கள்.

அவள் நிறையப் பேசுவாள். நான் பதில் சொல்லாவிட்டாலும் பேசுவாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து, “இன்னாக்கா, இன்னிக்கும் தயிர் சோறா? உன்ன கட்டிக்கப் போறவன் பாவம்” என்பாள். சொல்லிவிட்டுப் பாதியைத் தின்றுவிடுவாள். அதற்கு முன் யாரும் என் சோற்றை எடுத்துத் தின்றதில்லை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு மலைகளுக்கும் நடுவே நுழைந்து சரியாகத் தரையிறங்கினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஆவணி வந்தா நான் ஜூட்டுக்கா. நீ இங்கயே ஃபைல் மாத்திக்கினு கெட. ஒருநாள் நெசமாவே மேல வருவேன், மாடியில வந்து நில்லு, கை காட்டுறேன்” என்றாள்.

நான் சிரித்தேன். அடுத்த நாள் நீங்கள் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனீர்கள். அன்றுதான் ‘மோனிகா’ என்ற அந்த ஃபைலை உண்டாக்கினேன்.

படத்தைக் கெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். கூர்மையைக் கூட்டினேன். குறைத்து வைத்திருந்த பாறைகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். விட்டுப்போன படங்களுக்குப் பதிலாக இடையில் ஒன்றை இட்டு நிரப்பும் வசதியை மட்டும் நிறுத்தினேன். ஒரேயடியாகச் செய்தால் தெரிந்துவிடும் என்பதால் முதல் வாரம் விநாடிக்கு எழுபது படம், பிறகு அறுபது, பிறகு நாற்பது. கண்ணாடியின் அடியில் கண்ணிடைத் தூரத்தை வைக்கும் சக்கரத்தை அறுபதிலிருந்து அறுபத்தாறுக்குத் திருப்பினேன். வெளியே இருக்கும் திரையில் பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முதலில் எனக்கே போட்டுப் பார்த்தேன். பதினோராவது நிமிடத்தில் வாந்தி வந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

அவள், “யக்கா, பாறையில இருக்குற கோடுகூடத் தெரியுது. இன்னிக்கு சூப்பரா இருக்குது” என்றாள். நான்காவது நாள் குழாயடிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போய் அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டேன். முதுகைத் தடவினேன். எலுமிச்சையும் உப்பும் கலந்து கொடுத்தேன்.

“மெஷின்ல எதாச்சும் கோளாறாக்கா?”

“மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆவலயே” என்றேன். அது உண்மை. மற்றவர்களுக்குப் பழைய ஃபைல்தான்.

அவள் விடவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று தொடர்ந்து வந்தாள். ஆனியில் இருபத்தொரு நாள் வந்தாள், பதினேழு நாள் வாந்தி எடுத்தாள். கண்ணாடியை அவள் முகத்துக்கு அருகே கொண்டுபோனாலே எச்சில் விழுங்க ஆரம்பித்தாள். அவள் தானாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், பிறகு பழையபடி வந்து பேசிக்கொண்டிருப்பாள் என்பதுதான் என் கணக்கு. அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஊர் என்ன நினைக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆடி பிறந்த வாரம், ஊருக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்திருக்கிறாள். பக்கத்துச் சீட்டில் அவள் தெருவைச் சேர்ந்த கமலாம்பாள். “இன்னாடி, எத்தினி நாளா தலைக்குக் குளிக்கல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். பேருந்தே திரும்பிப் பார்த்ததாம். மோனிகா இதை என்னிடம் நடித்துக் காட்டினாள். அவளுக்கு அது அன்று வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவள் அம்மா நாகம்மாள் மாடியேறி வந்தார். மோனிகா வரவில்லை. அவர் உட்காரவில்லை.

“நீ நல்ல பொண்ணுன்னு சொல்லுவா. அதான் உன்னாண்ட வந்தேன். அது இங்க யார்கூடனா பேசுதா? யார்னா கூப்புட வராங்களா? மறைக்காத தாயி.”

நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். இந்தக் கண்ணாடியால் வரும் வாந்தி என்று. அதைச் சொன்னால் ஏன் அவளுக்கு மட்டும் என்ற கேள்வி வரும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதிய ஆட்கள் பேசினால் நான் எப்போதும் அப்படித்தான் நிற்பேன், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். “சரி, எனக்குப் புரிஞ்சிபோச்சி” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. அந்தத் தாளைப் பேருந்தில் இருந்தவர்களிடம் யார் போய்க் காட்டுவது? இருந்தது, கலைத்துவிட்டார்கள் என்று பேச்சு மாறியது. அனந்தபுரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் பெண் கேட்டார். முப்பத்தாறு வயது. ஆடி முடியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஜெயராமன் மட்டும் சம்மதிக்காமல் இருந்தார். அவர் ஆடிக் கடைசியில் மோனிகாவோடு இங்கே வந்தார். மகள் இளைத்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த பேனா, செல்போன் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“எனுக்கும் மாட்டிவுடும்மா. எனுக்கும் வாந்தி வந்துச்சின்னா போதும். கண்ணாடிதான் இப்டி பண்ணுதுன்னு கடையாண்ட நின்னு நானே அத்தினி பேருகிட்டயும் சொல்லிக்கிறேன். கல்யாணமாவது ஒண்ணாவது, இதும் பாட்டுக்கு இன்டர்வியூ போவட்டும். காலையிலேர்ந்து நல்லா துன்னுட்டு வந்துகிறேன்.”

“நாலு இட்லி, ரெண்டு வடை” என்றாள் மோனிகா. “போதுமாக்கா?”

சார், நான் அன்று எதையும் கெடுக்கவில்லை. அவர் கண்ணிடைத் தூரத்தை அளந்தேன். அறுபத்து நான்கு. சக்கரத்தை அறுபத்து நான்கில் வைத்தேன். பாறைகளைக் குறைத்தேன். மரங்களை மங்கலாக்கினேன். நிழல்களை எடுத்துவிட்டேன். மோனிகா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த எண்கள் புரியாது. தொண்ணூறு அசையாமல் நின்றது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு நல்ல செட்டிங் வைத்ததில்லை.

பத்து நிமிடம். “தோ, நம்ம ஏரி” என்றார். இருபது நிமிடம். மோனிகா அவர் தோளைப் பிடித்து, “தலைய நல்லா ஆட்டு நைனா. இப்டி அப்டி பாரு. வரும்” என்றாள். அவர் குழந்தை மாதிரி தலையை ஆட்டினார். முப்பது நிமிடம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றி, வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணியும் காணோமே.”

“இன்னும் கொஞ்ச நேரம் இரு நைனா.”

மறுபடி மாட்டிக்கொண்டார். இன்னும் இருபது நிமிடம். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இது நல்லாத்தான் இருக்குது. இல்லம்மா?” என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் பேனாவை எடுத்துப் பையில் செருகினார். மகளைப் பார்க்கவில்லை.

மோனிகா படியில் திரும்பி என்னிடம், “அப்ப எனக்குத்தான் ஏதோ ஒத்துக்கல போலக்கா” என்றாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. நேர்காணல் நாளன்று அவள் மறுவீட்டு விருந்தில் இருந்தாள். நீங்கள் ஊன்றுகோலோடு திரும்பி வந்து, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். “ச்சே” என்றீர்கள்.

இவ்வளவுதான் நடந்தது. ஃபைலை உண்டாக்கியது நான். அவளுக்கு அதை ஒரு மாதத்துக்கு மேல் போட்டது நான். அவள் அம்மாவிடம் வாய் திறக்காதது நான். அவள் அப்பாவுக்கு நல்ல ஃபைலைப் போட்டதும் நான்தான். அவருக்கு அவள் ஃபைலைப் போட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டனில் விரல் வைத்தபோது நன்றாகவே தெரியும்.

அவளுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அனந்தபுரம் போய் அவளைப் பார்க்கிறேன். அவளால் இப்போது பேருந்தில் ஏற முடிவதில்லை, ஆட்டோகூட ஒத்துக்கொள்வதில்லை. அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கடையில் வேலை செய்பவர்கள் தவிர வேறு முகம் பார்ப்பதில்லை. நான் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாள். முன்போல் அவள் அதிகம் பேசுவதில்லை. இப்போது நான்தான் பேசுகிறேன். எனக்கு இவ்வளவு பேச வரும் என்று நானே நினைக்கவில்லை. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒருத்திதான்க்கா வர” என்றாள்.

இதையெல்லாம் அவளிடம் போய்ச் சொல் என்று நீங்கள் சொல்வீர்கள். சொன்னால் அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பேருந்தில் ஏறுவாள். அடுத்த வருடம் மறுபடி தேர்வு எழுதுவாள். இதையெல்லாம் யோசித்துத்தான் சொல்லாமல் இருக்கிறேன். அவளுக்கென்று இப்போது இருப்பது நான் ஒருத்திதான். அதையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை, சார்.